சூட்டிகையான பிள்ளையை ஒரு வருடம் முன்னாலேயே பள்ளியில் போடலாமா? தென்னாப்பிரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

இங்கே பள்ளி வருடம் ஜனவரியில் தொடங்கினாலும், யாரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்கிற வேலை முந்தைய வருடத்தின் நடுவிலேயே ஆரம்பித்துவிடும். அதனால் மே, ஜூன் வந்தாலே டர்பனில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து அதே கேள்வி வரும். "அக்கா, இவனுக்கு இப்பதான் அஞ்சு முடிஞ்சுது, ஆனா கதைப் புத்தகம் தானா வாசிக்கிறான், நூறு வரைக்கும் கூட்டுறான். கிரேடு ஆர்ல போய் என்ன பண்ணப் போறான், நேரா கிரேடு ஒண்ணுல போட்டுடலாமா?" நான் இங்கே பல வருடமாகக் கிரேடு ஆர், அதாவது கிரேடு 1-க்கு முந்தைய ஆயத்த வருடத்து வகுப்பு எடுக்கிறவள். ஒவ்வொருவரிடமும் போனில் சொல்வதை மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒரு சாதாரண, நீளமான, கொஞ்சம் சலிப்பான பள்ளி நாளைப் பிள்ளை தாங்குமா, இந்த வருடம் நிறுத்தி வைத்தால் அதற்கு உண்மையிலேயே நஷ்டமா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். வாசிப்பதும் எண்ணுவதும் இந்த இரண்டு கேள்விக்கும் பாதிப் பதில்கூட ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது

தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் 1996-ல் வந்தது. அதன்படி கிரேடு 1-ல் சேர, பிள்ளைக்கு ஐந்து முடிந்து, சேரும் வருடத்தின் ஜூன் 30-க்குள் ஆறு நிரம்ப வேண்டும். கிரேடு ஆருக்கு நாலு முடிந்து, அந்த ஜூன் 30-க்குள் ஐந்து நிரம்ப வேண்டும். தனியார் பள்ளிக்கும் இதே வயதுதான், "பிரைவேட்ல கேட்டா எடுத்துக்குவாங்க" என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இந்த விதி சும்மா வந்ததும் இல்லை. ஏழு வயதாகும் வருடத்தில்தான் கிரேடு 1 என்று 2000-ல் கல்வி அமைச்சர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தனியார் பள்ளியில் ஆறு வயது மகளைச் சேர்க்க விரும்பிய பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அமைச்சருக்கு அப்படிக் கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லை என்று 2001-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு 2002-ல் சட்டத்தைத் திருத்தி ஜூன் 30 கணக்கைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் வழக்கமான வயது என்று கல்வித் துறை வைத்திருப்பது வகுப்பு எண்ணோடு ஆறைக் கூட்டினால் வருவது. அதாவது கிரேடு 1-க்கு ஏழு வயதாகும் வருடம்.

இதை நாள் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2021 ஏப்ரலில் பிறந்த பிள்ளை 2027 ஜனவரியில் கிரேடு 1-க்குப் போகலாம், அப்போது அதற்கு ஐந்தே முக்கால் வயது. இல்லையென்றால் 2028 ஜனவரியில் ஆறே முக்கால் வயதில் போகலாம். இரண்டும் சட்டப்படி சரி, யாரிடமும் சிறப்பு அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தத் தேர்வே கிடையாது, அது 2028-ல்தான். அதற்கு முன்னால் சேர்க்க வேண்டுமென்றால் தக்க காரணம் காட்டி மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டும், இடமும் இருக்க வேண்டும். ஆக, "முன்னாலேயே போடலாமா" என்ற கேள்வி நிஜமாக எழுவது ஜனவரி முதல் ஜூன் வரை பிறந்த பிள்ளைகளுக்குத்தான். ஜூலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்காகக் கல்வித் துறையோடு மல்லுக்கட்டுவது என் அனுபவத்தில் பெரும்பாலும் வீண், அந்தச் சக்தியை நல்ல கிரேடு ஆர் தேடுவதில் செலவழியுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 2027-ல் அந்த ஏப்ரல் பிள்ளை உட்காரும் வகுப்பில் 2020 ஜனவரியில் பிறந்த பிள்ளையும் இருக்கும். பதினைந்து மாத வித்தியாசம். ஐந்து ஆறு வயதில் பதினைந்து மாதம் என்பது கை பலத்தில், உயரத்தில், அழுகையை அடக்குவதில் எல்லாம் பெரிய தூரம்.

கிரேடு ஆரைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

2024 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ரமபோசா கையெழுத்திட்ட பேலா (அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்த) சட்டம் கிரேடு ஆரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்கு முன்பே நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஒரு வருடம் முன்னால் போக வேண்டுமென்றால் நாலே முக்கால் வயதில் கிரேடு ஆரில் சேர்த்து, அங்கிருந்து கிரேடு 1-க்கு நடக்க விடுங்கள். கிரீச்சிலிருந்து, அதாவது குழந்தைகள் காப்பகத்திலிருந்து, நேரே கிரேடு 1-க்குக் குதிக்க வைக்காதீர்கள்.

கிரேடு ஆரில் விளையாட்டுதானே என்று நினைக்கிறார்கள். விளையாட்டுதான், ஆனால் அந்த விளையாட்டுக்குள் கத்தரி பிடிக்கிற விரல், கோடு தாண்டாத கை, பாயில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து இன்னொருத்தர் பேச்சைக் கேட்கிற பொறுமை, வார்த்தையை அசை அசையாகப் பிரித்துத் தட்டுவது எல்லாம் நடக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கடைசியில் சொன்னது தேவைப்படாமல் இருக்கலாம். மற்ற மூன்றும் கட்டாயம் தேவை.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நாலே முக்காலில் கிரேடு ஆர் சேர்த்து, வருடக் கடைசியில் "இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்" என்று தோன்றினால், இன்னொரு வருடம் கிரேடு ஆர் போவதற்குப் பள்ளியோடு பேசிப் பார்க்கலாம். பிள்ளைக்கு அது தோல்வியாகத் தெரியாது, வேறு டீச்சர், வேறு வகுப்பு, அவ்வளவுதான். கிரேடு 1-ல் உட்கார்ந்த பிறகு பின்வாங்கினால் பிள்ளைக்குப் புரியும், கூடப் படித்தவர்களுக்கும் புரியும். கிரேடு 1 முதல் 3 வரை ஒரு முறைக்கு மேல் நிறுத்தி வைக்க விதியும் இடம் தராது. அந்த ஒரு வாய்ப்பை ஆரம்பத்திலேயே செலவழித்துவிட்டால், பின்னால் உடம்பு சரியில்லாமல் போய் ஒரு வருடம் கெட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

சொல்லிக் கொடுத்ததா, தானே போனதா

நம்மவர்கள் பிள்ளைகளை நன்றாகத் தயார் செய்கிறோம், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் தினம் ஒரு மணி நேரம் அட்டை காட்டிப் பழக்கியதால் வாசிக்கிற பிள்ளையும், யாரும் சொல்லித் தராமல் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் போகும்போது பச்சைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் தானே எழுத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளையும் ஒன்றல்ல. முதல் பிள்ளைக்கு முன்கூட்டிச் சேர்ப்பதால் கிடைக்கும் லாபம் ஆறே மாதத்தில் கரைந்துவிடும், மற்றப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள், அப்புறம் வகுப்பில் சின்னப் பிள்ளை என்ற நிலை மட்டும் மிஞ்சும். இரண்டாவது பிள்ளைக்குத்தான் இந்தப் பேச்சே.

எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வாரம் எதையும் சொல்லிக் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள். தேடிப் போகிறதா? ஒரு இடத்தில் கற்றதைக் கேட்காமலே இன்னொரு இடத்தில் போட்டுப் பார்க்கிறதா? பாட்டிக்கு அறுபத்தெட்டு, எனக்கு அஞ்சு, நான் பொறக்கும்போது பாட்டிக்கு எத்தனை என்று தானே கணக்குப் போடுகிறதா? "ஏன்" என்று கேட்டு, நீங்கள் சொன்ன பதிலில் ஓட்டை கண்டுபிடித்துத் திரும்ப வருகிறதா? இப்படிப்பட்ட பிள்ளை அறிவில் நிஜமாகவே முன்னால் இருக்கிறது.

அறிவு முன்னால் ஓடினாலும் விரலும் மனசும் வயதோடுதான் வரும். பெற்றோர் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சனிக் கோளுக்கு எத்தனை வளையம், ஏன் அது மிதக்கிறது என்று மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பான். ஒரு நாள் மீன் படத்தை வெட்டும்போது கத்தரி கோட்டைவிட்டு விலகி வாலை நறுக்கிவிட்டது. தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துவிட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான், அரை மணி நேரம் வரவில்லை. தலைக்குள் மீன் எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும், கை அதைச் செய்யவில்லை. சூட்டிகையான பிள்ளைகளுக்கு இந்த வேதனை மற்றவர்களைவிட அதிகம். கிரேடு 1-ல் எழுத்து வேலை தினமும் உண்டு, அங்கே பக்கத்துப் பிள்ளை ஒரு வயது மூத்தது, அதன் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஆகவே அறிவை ஒதுக்கிவிட்டு ஒரு வாரம் இதை மட்டும் கவனியுங்கள். சாப்பாட்டு டப்பாவும் தயிர் மூடியும் தானே திறக்குமா, கழிப்பறைக்குத் தானே போய்ச் சுத்தம் செய்து கை கழுவி வருமா, சட்டைப் பொத்தான் போடுமா. அம்மா இல்லாத இடத்தில் "டீச்சர், எனக்கு வயிறு வலிக்குது" என்று வாய் திறந்து சொல்லுமா. விளையாட்டில் தோற்றால் எவ்வளவு நேரத்தில் தேறி வரும். பெரிய பிள்ளைகளோடு விளையாடப் போகிறதா, அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்களா, இல்லை பெரியவர்களோடு பேசிக்கொண்டு ஓரமாகவே இருக்கிறதா. மத்தியானத்துக்கு மேல் எப்படி இருக்கிறது, இதை நான் மிகவும் முக்கியமாகச் சொல்வேன். கிரேடு ஆர் முதல் கிரேடு 2 வரை வாரத்துக்கு 23 மணி நேரம் பாடம். காலை எட்டுக்கு முன்னாலேயே மணி அடித்துவிடும் பள்ளிகள் நிறைய, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதற்கு மேல் ஆஃப்டர்கேர், சில பிள்ளைகள் வீடு திரும்ப ஐந்தரை. டர்பனில் பிப்ரவரி வெயிலும் புழுக்கமும் உங்களுக்கே தெரியும். இன்னும் மதியம் தூங்கி எழுகிற பிள்ளையை அதில் தள்ளினால் அறிவெல்லாம் களைப்பில் அடங்கிப்போகும்.

மொழியும் கணக்கில் வரும். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், அதோடு பள்ளிக்கு ஏற்ப ஜூலுவோ ஆஃப்ரிகான்ஸோ இரண்டாம் மொழியாகக் கிரேடு 1 முதலே. தமிழில் கெட்டிக்காரப் பிள்ளை ஆங்கிலத்தில் இன்னும் தயங்கினால், அது அறிவுக் குறைவே இல்லை, ஆனால் அந்த ஒரு வருடம் காத்திருப்பது நிஜமாகவே பிரயோசனம். அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

மனநல நிபுணரிடம் போக வேண்டுமா

சந்தேகம் இருந்தால் போங்கள். கல்வி உளவியல் நிபுணர், இங்கே மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற அமைப்பில் பதிவானவராக இருக்க வேண்டும். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நாட்டிலேயே உருவான ஜே.எஸ்.ஏ.ஐ.எஸ். என்ற சோதனை உண்டு, சிலர் வெக்ஸ்லர் சோதனையின் சின்னப் பிள்ளைகளுக்கான வடிவத்தை வைப்பார்கள். ஜே.எஸ்.ஏ.ஐ.எஸ். ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ் பேசும் பிள்ளைகளுக்காக அமைந்தது, வயதும் ஆகிவிட்ட சோதனை. தமிழ் வீட்டுப் பிள்ளைக்குச் சொல் சார்ந்த மதிப்பெண் குறைந்து வந்தால் அதையே தீர்ப்பாக எடுக்காதீர்கள், படம், கட்டை, வடிவம் சார்ந்த பகுதியில் எப்படிச் செய்தது என்று தனியாகக் கேளுங்கள். ஐந்து வயதில் வரும் எண் பின்னால் மேலேயும் போகும், கீழேயும் வரும். எண்ணைவிட, சோதனையின்போது பிள்ளை எப்படி உட்கார்ந்தது, கஷ்டமான கேள்வி வந்தபோது என்ன செய்தது என்று நிபுணர் எழுதித் தரும் குறிப்புகள்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன. கண், காது பரிசோதனையையும் அதோடு முடித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்குப் பள்ளி நிர்வாகக் குழு பிள்ளைக்குச் சேர்க்கைத் தேர்வு வைக்கக் கூடாது, சட்டமே தடுக்கிறது. அதனால் "டெஸ்ட் வெச்சு எடுத்துக்குங்க" என்று நீங்களாகக் கேட்டுப் பயனில்லை. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று, பெற்றோரின் அடையாள அட்டை அல்லது விசா, இவற்றோடு நிபுணர் அறிக்கை இருந்தால் அதையும் கொடுங்கள்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது

தலைமை ஆசிரியரைவிடக் கிரேடு 1 டீச்சரைப் பார்க்கக் கேளுங்கள். அவரிடம் ஒரே கேள்வி: "ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு முதல் டெர்மில் என்ன வேலை கொடுப்பீர்கள்?" உடனே ஏதாவது உருப்படியாகச் சொன்னால், வேறு வாசிப்புப் புத்தகம், கிரேடு 2 டீச்சரோடு கணக்கு, தானே செய்கிற சின்ன ஆராய்ச்சி வேலை என்று எதுவானாலும், நல்ல இடம். "எல்லாரும் ஒண்ணாத்தான் போகணும், காப்ஸ் பாடத்திட்டம் அப்படி" என்றால் யோசியுங்கள். நாட்டின் பாடத்திட்டமான காப்ஸ் அப்படிச் சொல்லவில்லை, அந்தப் பள்ளிதான் அப்படி. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அந்த டீச்சரைக் குறை சொல்லவும் முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்கூட்டிச் சேர்ப்பது தொடங்கும் இடத்தைத்தான் மாற்றும், வேகத்தை மாற்றாது. வேகமாகக் கற்கிற பிள்ளை மூன்று மாதத்தில் அந்த வகுப்பையும் பிடித்துவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காரும். பள்ளி பிள்ளைக்கு ஏற்றபடி வளையுமா என்பது, வயதைவிடப் பெரிய விஷயம். வளைகிற பள்ளியாக இருந்தால் வயதுப்படி சேர்த்தாலும் பிள்ளை நன்றாக வரும், பின்னால் தேவைப்பட்டால் ஒரு வகுப்புத் தாண்டுவதைப் பற்றியும் பேசலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வகுப்பிலேயே வயதில் சின்னதாக இருக்கும் பிள்ளைகளுக்கு "கவனக் குறைவு" என்ற பட்டம் அதிகமாகக் கிடைக்கிறது என்று பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஐந்தே முக்கால் வயதுக்கு இயல்பான துறுதுறுப்பு, ஏழு வயதுக்காரர்கள் நடுவில் கோளாறாகத் தெரிகிறது. மறுபக்கமும் உண்மைதான்: கவனமாகத் தேர்ந்தெடுத்து முன்கூட்டிச் சேர்த்த, நிஜமாகவே மிகத் திறமையான பிள்ளைகள் பொதுவாகப் படிப்பில் நன்றாகவே செய்கிறார்கள் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. கவனமாகத் தேர்ந்தெடுத்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பன்னிரண்டு வருடம் கழித்து

ஐந்தே முக்காலில் தொடங்கும் பிள்ளை பதின்மூன்று நிரம்புவதற்கு முன்பே உயர்நிலைப் பள்ளிக்குப் போகும், பதினேழரை வயதில் மெட்ரிக் (கிரேடு 12) முடிக்கும். கூடப் படித்தவர்கள் கார் ஓட்டும்போது இது பழகுநர் உரிமத்தோடு இருக்கும். கேப்டவுனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ பல்கலைக்கழக விடுதியில் பதினேழு வயதில் மகளை விடுவதற்கு உங்களுக்கு மனசு வருமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். எனக்கு இது பெரிய தடையாகப் படவில்லை, ஆனால் சில அப்பாக்கள் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்கிறார்கள்.

ஊரிலிருந்து வரும் அழுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மூன்றரை வயதில் எல்.கே.ஜி. போய்விடுகிறார்கள், ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. "இங்க உன் தங்கச்சி பொண்ணு யு.கே.ஜி. முடிச்சிட்டா, அங்க இன்னும் கிரீச்சா?" என்று போனில் பெரியம்மா கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பிள்ளை உட்காரப் போவது டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ இருக்கும் வகுப்பில், அங்கே மற்றவர்கள் பெரும்பாலும் ஆறிலிருந்து ஏழு வயது. ஓரிரு வருடத்தில் ஊர் திரும்புவது உறுதி என்றால் மட்டும் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், அங்கே ஜூனில் தொடங்கும், இங்கே ஜனவரி, எப்படியும் அரை வருடம் முன்னே பின்னே ஆகும். கிரீச் கட்டணம் ஒரு வருடம் மிச்சமாகும் என்பதும் சின்னத் தொகை இல்லை, புரிகிறது, ஆனால் அதை முதல் காரணமாக்காதீர்கள்.

கடைசியில் நான் என்ன சொல்வேன்

ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்து, தானே தேடிக் கற்கிற, கை கால் திடமான, ஆங்கிலம் தடையில்லாமல் பேசுகிற, தோற்றால் தேறி வருகிற பிள்ளை, அதோடு வளைகிற பள்ளி. சேருங்கள், தயங்க வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளையை நிறுத்தி வைத்தால் அது படிப்பில் அக்கறை இழப்பதை நான் பார்த்திருக்கிறேன், வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லி மற்றவர்களைப் போல ஆகப் பார்க்கும், அதைப் பார்க்க வயிறு எரியும். மே, ஜூனில் பிறந்த பிள்ளை என்றால் மிக மிகத் தெளிவாக இருந்தாலொழியக் காத்திருக்கச் சொல்வேன். இரண்டு பக்கமும் சமமாகத் தோன்றினாலும் காத்திருக்கச் சொல்வேன், ஏனென்றால் பின்னால் ஒரு வகுப்புத் தாண்ட முடியும், தாண்டியதைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

காத்திருக்கும் வருடத்தைச் சும்மா விடாதீர்கள். கிரேடு 1 புத்தகத்தை வீட்டில் முடித்துவிடாதீர்கள், அது அடுத்த வருடச் சலிப்புக்கு நீங்களே போடும் விதை. பக்கவாட்டில் கொடுங்கள்: நீச்சல், செஸ், மிருதங்கம், நகராட்சி நூலகத்தில் பிள்ளையே தேர்ந்தெடுக்கும் புத்தகங்கள், ஆயாவோடு உட்கார்ந்து கோலம். எல்லாவற்றிலும் நான் முதலில் சொல்வது தமிழ் எழுத்து. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஐந்து வயதுக்கு 247 எழுத்தும் ஒரு பெரிய புதிர், ககரத்துக்குக் கொம்பு போட்டால் என்ன ஆகும், கால் போட்டால் என்ன ஆகும் என்று அமைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும். பள்ளியில் யாரும் இதைத் திரும்பச் சொல்லிக் கொடுத்துச் சலிப்பூட்டப் போவதில்லை, விரலுக்கும் நல்ல பயிற்சி.

சேர்த்துவிட்டீர்கள் என்றால் முதல் டெர்ம் முடியும்வரை பொறுங்கள். ஜனவரி அழுகைக்கு அர்த்தம் இல்லை, எல்லாப் பிள்ளையும் அழும். மார்ச் கடைசியில் டீச்சரிடம் நேரம் வாங்கிப் போய் மதிப்பெண்ணைக் கேட்காமல் மூன்று விஷயம் கேளுங்கள்: இடைவேளையில் யாரோடு இருக்கிறாள், தப்பாகப் போனால் என்ன செய்கிறாள், பதினொரு மணிக்கு மேல் எப்படி இருக்கிறாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வயிற்றுவலி தொடர்ந்து வந்தால், படுக்கையை நனைப்பது திரும்பத் தொடங்கினால், வாசிப்பையே வெறுத்தால், ஜூன் விடுமுறை வரை காத்திருக்காமல் அந்த வாரமே பள்ளியோடு பேசுங்கள்.